21 நாள் கணக்கு

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஸ்டுட்கார்ட்டில் என் கைபேசி ஒலித்தபோது, சேலத்தில் செவ்வாய்க்கிழமை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அக்கா அழைக்கிறாள் என்றால் அது நல்ல செய்தியாக இருக்க வழியில்லை. நாகலூரில் முதல் பறிப்புக் காப்பிப் பழங்களை உலர்த்தியிருந்த களத்தின் ஓரத்தில், மழையில் பாசி படிந்திருந்த இடத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு வேனில் படுத்தபடியே கடந்து சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்; புதன்கிழமை அறுவை சிகிச்சை.

அரை மணி நேரத்தில் பிராங்க்பர்ட்டிலிருந்து பெங்களூருக்கு விமானச்சீட்டு வாங்கிவிட்டேன். புதன்கிழமை 22ஆம் தேதி புறப்பாடு. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புதல். பணம் செலுத்தி முடித்து, சீட்டு மின்னஞ்சலுக்கு வந்து, பெட்டியை அலமாரியின் மேலிருந்து இறக்கிய பிறகுதான் நான் வேலையிழந்தவன் என்பதும், என் நாள்கள் எல்லாம் இப்போது என் விருப்பத்துக்கு உரியவை அல்ல என்பதும் நினைவுக்கு வந்தன. வேலையில் இருந்தவரை விடுப்புக்கு மேலாளரிடம் கேட்க வேண்டியிருந்தது. வேலை போன பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. உண்மை நேர்மாறானது.

நான் பதினோரு ஆண்டுகளாக வாகனங்களுக்கான கியர் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். நிறுவனம் எங்கள் பிரிவையே மூடிவிட்டதால் 2023 செப்டம்பர் 30 எனக்குக் கடைசி நாள். ஜூன் மாதத்தில் அறிவிப்புக் கடிதம் கைக்கு வந்ததுமே வேலைவாய்ப்பு முகமையில் வேலை தேடுபவனாகப் பதிந்துகொண்டேன். ஜெர்மனியில் வேலை முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே இப்படிப் பதிய வேண்டும். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் செய்தி தெரிந்த மூன்று நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் ஒரு வார உதவித்தொகை போய்விடும். பிறகு வேலையில்லாத முதல் நாளுக்குள் வேலையிழந்தவனாகத் தனியே இன்னொரு பதிவு. இரண்டும் ஒன்றே என்று நினைத்து இரண்டாவதை விட்டவர்களை நான் அறிவேன்.

இவ்வாறு கிடைக்கும் தொகைக்கு ஆர்பைட்ஸ்லோசன்கெல்ட் என்று பெயர். அங்குள்ள தமிழர்கள் பேச்சில் ஏ.எல்.ஜி. கடைசியாக வாங்கிய நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு. குழந்தை இருப்பவருக்கு 67 விழுக்காடு. இதற்காக 2023இல் மொத்தச் சம்பளத்தில் 2.6 விழுக்காடு காப்பீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் பாதி தொழிலாளியுடையது, மறுபாதி நிறுவனத்துடையது. வேலை போவதற்கு முந்தைய 30 மாதங்களில் 12 மாதங்களாவது கட்டியிருந்தால்தான் உரிமை பிறக்கும். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் இரண்டு ஆண்டு கட்டியிருந்தால் அதிகபட்சமாகப் பன்னிரண்டு மாதங்கள் வாங்கலாம். நான் அக்டோபர் முதல் தேதியிலிருந்து வாங்கத் தொடங்கியிருந்தேன்.

அன்று இரவே ஒரு நண்பரை அழைத்தேன். அவர் தயங்காமல், "சொல்லாமல் போய்விட்டு வாருங்கள், யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை; அம்மா படுத்திருக்கும்போது அலுவலகத்தையும் படிவத்தையும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாமே என்ற அக்கறையில் சொன்னார். ஆனால் நான் ஊரில் இல்லாதபோது முகமையிலிருந்து ஒரு சந்திப்புக்கு அழைப்புக் கடிதம் வந்தால் போதும், எல்லாம் வெளிப்பட்டுவிடும். சந்திப்புக்குப் போகாததற்கு ஒரு வாரப் பணம் போகும். ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பொய் சொன்னால் அது அடுத்த குற்றம். கடவுச்சீட்டில் பெங்களூர் முத்திரை இருக்கும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அபராதமோ மோசடி வழக்கோ வந்தால் அது குடியுரிமை விண்ணப்பம் வரைக்கும் நிழலாகத் தொடரும். இதையெல்லாம் அன்றிரவு நான் நிதானமாக அடுக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வதாகும். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முகமையின் தொலைபேசி எண் திறந்ததும் அழைத்தேன். பேசிய பெண் அதிகாரி முதலில் அம்மாவின் உடல்நிலையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு விதிகளுக்கு வந்தார். இப்படி வெளியே போவதற்கு அவர்கள் மொழியில் ஓர்ட்ஸ்அப்வேசன்ஹைட் என்று பெயர். நேராகச் சொன்னால் ஊரில் இல்லாமை. விடுமுறை என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். 1997ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையின்படி, வேலையிழந்தவர் ஒவ்வொரு வேலைநாளிலும் தாம் பதிந்துள்ள முகவரியில் கடிதம் மூலம் அணுகத்தக்கவராகவும், அழைத்தால் முகமைக்கு வந்து சேரக்கூடிய தூரத்திலும் இருக்க வேண்டும். முகமையின் முன் ஒப்புதலோடு ஒரு நாள்காட்டி ஆண்டில் மூன்று வாரங்கள் மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. வேலையிழந்த முதல் மூன்று மாதங்களில் தகுந்த காரணமுள்ள விதிவிலக்கான நேர்வுகளில் மட்டுமே அந்த ஒப்புதலைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில்தான் இருக்கிறது. அப்போதுதான் வேலை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்று கருதுகிறார்கள். எனக்கு இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பைக் கேட்டார். அக்கா அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்ப, நான் அதை இணையதளம் வழியாகச் சேர்த்தேன். பிற்பகலில் ஒப்புதல் வந்தது: நவம்பர் 22 முதல் டிசம்பர் 12 வரை, 21 நாள்கள்.

இங்குதான் என் கணக்கு தவறியிருந்தது. 21 நாள்கள் என்று எங்கோ படித்திருந்தேன்; அலுவலகத்தில் விடுப்பு எண்ணிப் பழகிய கையால், சனியையும் ஞாயிறையும் கழித்து எண்ணி, டிசம்பர் 17இல் திரும்பினால் மூன்று நாள் மிச்சமே இருக்கும் என்று சீட்டு வாங்கிவிட்டேன். வேலையிழந்தவனுக்குச் சனியும் ஞாயிறும் கிடையாது. காப்பீட்டுத் தொகை வாரத்தின் ஏழு நாளுக்கும் கணக்கிடப்படுகிறது; ஆகவே ஊரில் இல்லாத நாள்களும் ஏழு ஏழாகவே எண்ணப்படுகின்றன. டிசம்பர் 13 முதல் 17 வரை ஐந்து நாள்கள் ஒப்புதலுக்கு வெளியே நின்றன. பயணச்சீட்டை மாற்றக் கட்டணம் என்ன என்று பார்த்தேன். ஐந்து நாள் உதவித்தொகையைவிடச் சற்றே குறைவு. முடிவை ஊருக்குப் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சீட்டு வாங்கும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற எளிய வரிசையை நான் தலைகீழாகச் செய்ததன் கூலி அது.

அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் பயண மருத்துவக் காப்பீடு எடுத்தது. ஏ.எல்.ஜி. வாங்குபவருக்கு மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவை முகமையே கட்டுகிறது என்றாலும், அந்த அரசுக் காப்பீடு இந்தியாவில் செல்லாது.

வியாழக்கிழமை விடியுமுன் பெங்களூரில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்திருந்தது. சில நாளில் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தோம். கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கு வைத்த அக்காவின் சின்ன மகளை அம்மா கட்டிலில் இருந்தபடியே, "திரியைப் பெரிசா வையி" என்று அதட்டியபோதுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அம்மாவை விசாரித்த பிறகு என்னை விசாரித்தார்கள். வேலை இல்லை, ஆனால் அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்பதை மாமா சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு அது அடங்கவில்லை. நான் 21 நாளுக்கு ஒப்புதல் வாங்கி வந்திருக்கிறேன் என்று கேட்டதும், "பதினோரு வருசம் நீ கட்டின காசுதானே, அவன் என்ன உன்னை எண்ணி வைக்கிறது? நீ சேலத்துல இருந்தா என்ன, சந்திர மண்டலத்துல இருந்தா என்ன?" என்றார். சித்தப்பாவின் பட்டறையில் வேலை குறைந்தால் ஆள்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்த நாளுக்கு எதுவும் இல்லை. ஆகவே வேலையில்லாத நாளுக்குப் பணம் என்பதே அவருக்குப் புதிது. அந்தப் பணத்துக்கும் நிபந்தனை என்பது அதைவிடப் புதிது.

அவருடைய வாதத்தில் பாதி சரி. இது தருமம் அல்ல. சந்தா கட்டிப் பெற்ற உரிமை. ஆனால் சேமிப்பும் அல்ல. நான் கட்டியது என் பெயரில் உண்டியலில் சேர்ந்து கிடக்கவில்லை; அந்த ஆண்டுகளில் வேலையிழந்த வேறு யாருக்கோ அது போய்விட்டது. அடுத்த வேலைக்கு ஆயத்தமாக இருந்தும் வேலை கிடைக்காதவருக்குத்தான் இந்தக் காப்பீடு. ஆயத்தமாக இல்லாத நாள் காப்பீட்டுக்குள் வராத நாள். இதை எனக்குத் தெரிந்த விதத்தில் சித்தப்பாவுக்கு விளக்கினேன். அவர் தலையை ஆட்டினாலும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த அம்மாதான் வாயைத் திறந்தார். "நம்ம காட்டுல பழக் காவலுக்கு ஆள் வைக்கறோமில்ல? திருடன் வராத ராத்திரிக்கும் கூலி உண்டு. குடிசையில இல்லாத ராத்திரிக்குக் கூலி உண்டா? இவனுக்கும் அப்படித்தான் கண்ணு." காப்பி பழுக்கும் மாதங்களில் எங்கள் தோட்டத்தில் ஓலைக் குடிசை போட்டு ஒருவர் இரவில் காவல் இருப்பது வழக்கம், பழத்துக்கு ஆளும் வருவார்கள், வேலியைத் தள்ளிக்கொண்டு காட்டெருமையும் வரும். ஒன்றுமே வராத இரவுகள்தான் அதிகம். 1997ஆம் ஆண்டு ஆணையை ஜெர்மன் மொழியில் மூன்று முறை படித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று, அதைப் படிக்காத அம்மாவுக்குப் பிடிபட்டிருந்தது. நான் அதுவரை அந்த நிபந்தனையை ஒரு தண்டனையாகவே எண்ணியிருந்தேன்.

இருந்தாலும் காவல்காரர் உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் நாகலூர் வீட்டில் தங்கிப் பறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஜெர்மனியில் காலை பதினொரு மணிக்கு, ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் காணொளி வழியாகக் கலந்துகொண்டேன். சிக்னலுக்காகச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேட்டில் போட்ட நாற்காலியில் மேற்சட்டையும் கீழே வேட்டியுமாக உட்கார்ந்து பேசினேன். எனக்கு மிளகுக் கொடிகள் பின்னணி. அவர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் முகமையின் கணக்கில் நான் அன்று வேலைக்கு ஆயத்தமாக இல்லாதவன். அவர்களுக்கு ஆயத்தம் என்பது உடல் இருக்கும் இடம். பக்கத்து வீட்டுக்காரர் என் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்து உடனே சொல்லிவிடுவார் என்று அந்த அதிகாரியிடம் நான் சொல்லியிருந்தேன். அது போதாது என்றார். நேர்காணல்கள் எல்லாம் திரைக்கு மாறிவிட்ட காலத்தில் கடிதப் பெட்டியை வைத்து மனிதனை அளப்பது எனக்கு இன்றும் பழைய காலத்து வழக்கமாகத்தான் படுகிறது.

அந்த வாரத்தில்தான் மிக்ஜாம் புயல் வந்தது. ஏற்காட்டில் எங்களுக்கு மூடுபனியும் தூறலும் மட்டுமே. ஆனால் டிசம்பர் 4ஆம் தேதி சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நான் சென்னை வழியாக அந்த நாளில் திரும்ப வேண்டியவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவில் ஆணையை மீண்டும் எடுத்துப் படித்தேன். அதற்கும் அதில் இடம் இருந்தது. முன்கூட்டி அறிய முடியாத, தவிர்க்கவும் முடியாத நிகழ்வால் கடும் இடர் ஏற்பட்டால் மூன்று வாரத்தை நாள் கணக்கில், அதிகபட்சம் மூன்று நாள்கள், நீட்டிக்கலாம்.

என் சிக்கல் புயல் அல்ல. அம்மாவுக்கு டிசம்பர் 14, வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஊன்றி நடக்கலாமா என்று மருத்துவர் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய நாளே நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்க வேண்டும். அந்த மூன்று நாள் நீட்டிப்பைக் கேட்டுப் பார்த்தேன். முன்பே தேதி குறித்த பரிசோதனை எதிர்பாராத நிகழ்வாகாது என்று பதில் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, அது சரியான பதில்தான். அதோடு, எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறு வாரம் வரை வெளியே இருந்தால், ஒப்புதல் பெற்ற முதல் மூன்று வாரத்துக்குப் பணம் உண்டு, மிச்ச நாளுக்கு இல்லை. திரும்பியதும் தெரிவித்தால் அதிலிருந்து மீண்டும் தொடரும். ஆறு வாரத்தைத் தாண்டிய பயணமாக இருந்தால் அந்த முதல் மூன்று வாரச் சலுகையும் கிடையாது, முதல் நாளிலிருந்தே பணம் இல்லை, திரும்பி வந்து புதிதாகப் பதிய வேண்டும். இந்த ஆறு வார எல்லையைத் தெரியாமல் இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு, மூன்று வாரப் பணமாவது வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு.

ஆகவே நான் தங்குவது என்று முடிவு செய்தேன். ஐந்து நாள் பணம் போகட்டும் என்று முன்னதாகவே எழுதி அனுப்பினேன். பணம் நிற்கும் நாள்களில் மருத்துவக் காப்பீடு என்ன ஆகும் என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சொல்லிவிட்டுப் பணத்தை இழப்பதும், சொல்லாமல் இருந்து பிறகு பிடிபட்டு அதே பணத்தைத் திருப்பிக் கட்டுவதும் வங்கிக் கணக்கில் ஒரே எண்தான். இரவில் தூங்குவதில்தான் வேறுபாடு தெரிந்தது.

சித்தப்பா இன்னொன்றும் கேட்டார்: இரண்டு அரசாங்கங்களுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லையா? இருக்கிறது. இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதனால் கிடைக்கும் பயன் ஓய்வூதியத்துக்கு. வேலையிழப்புத் தொகையைச் சேலத்துக்குக் கொண்டுவர அது வழிசெய்யாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் என்றால், வழக்கமாக நான்கு வாரமாவது வேலையிழந்தவராகப் பதிந்திருந்த பிறகு, யு2 என்ற சான்றைப் பெற்றுக்கொண்டு, மூன்று மாதம், சில நேர்வுகளில் ஆறு மாதம், வேறு நாட்டில் வேலை தேடியபடியே தொகையை வாங்கலாம். நெதர்லாந்தில் வேலை தேடப் போகிறவருக்கு அது உதவும். காப்பி பறிக்கப் போகிறவருக்கு உதவாது.

ஜெர்மனி மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். டொராண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகன் தொலைபேசியில் சிரித்தான். கனடாவில் நாட்டை விட்டு வெளியே இருக்கும் நாள்களுக்குப் பொதுவாக வேலையிழப்புத் தொகை கிடையாது. கடுமையாக நோயுற்ற நெருங்கிய உறவினரைப் பார்க்கவோ, இறுதிச்சடங்குக்கோ போனால் தொடர்ந்து ஏழு நாள்கள் வரை விலக்கு. டொராண்டோவிலிருந்து சேலம் வந்து திரும்பும் பயணத்திலேயே மூன்று நான்கு நாள் கழிந்துவிடும் என்பதால், மிச்ச நாளில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் நேரம் இருக்கும். பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர் ஒரு மாதம் வரை வெளிநாடு போகலாம், ஆனால் வேலை தேடும் கடமை அங்கிருந்தும் தொடரும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், அந்தந்த வாரத்தில் வேலை செய்ய இயலுபவராகவும் ஆயத்தமாகவும் இருந்தேன் என்று உறுதி கூறித்தான் பணம் வாங்க வேண்டும்.

டிசம்பர் 11, திங்கட்கிழமை நாகலூரிலிருந்து கீழே இறங்கிய பேருந்தில் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த வளவில் இருக்கும் பெண் ஒருத்தி கையில் கோப்போடு ஏறினாள். தமிழில் முதுகலை படித்தவள். எங்கே என்று கேட்டேன். "கோரிமேட்டுக்கு அண்ணா, வேலைவாய்ப்பு ஆபீசு. உதவித்தொகைக்குச் சுய உறுதிமொழி கொடுக்கணும்" என்றாள். பட்டம் முடித்துப் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டு காத்திருந்த பிறகு அவளுக்குத் தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை கிடைத்திருந்தது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தான் எந்த வேலையிலும் இல்லை, கல்லூரியில் நேரடியாகப் படிக்கவும் இல்லை என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். வளைவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. "உங்களுக்கு அங்க எவ்வளவு அண்ணா தர்றாங்க?" என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. தொகையைச் சொல்லாமல், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "அதுக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள். அது எனக்கு எதிர்பாராத கேள்வி. ஊரைவிட்டுப் போனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், வாரக்கணக்கில் எங்கும் போக முடியாது என்றேன். "எங்களுக்கு அப்படியெல்லாம் இல்லை, எங்க வேணா போலாம்" என்று சிரித்தாள். சிரித்தபடியே கோரிமேட்டில் இறங்கிப் போனாள். 600 ரூபாயைக் கொண்டு எங்கே போக முடியும் என்ற கேள்வி அஸ்தம்பட்டி வரை என்னோடு வந்தது.

இந்தியாவிலும் காப்பீட்டு வழியில் ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர் வேலையிழந்தால் 2018இல் தொடங்கிய அடல் காப்பீட்டாளர் நலத்திட்டத்தின் கீழ் அதிகபட்சம் 90 நாள்களுக்கு உதவி பெறலாம். கொரோனா ஆண்டான 2020இல் அதைச் சராசரி நாள் கூலியில் பாதியாக உயர்த்தினார்கள். சித்தப்பாவின் பட்டறைக்காரர்கள் யாரும் அந்த வளையத்துக்குள் இல்லை. இதைச் சொன்னபோது சித்தப்பா பேச்சை அம்மாவின் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்.

14ஆம் தேதி எக்ஸ்ரே நன்றாக இருந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். ஐந்து நாள் பணம் அந்தப் பத்தடிக்குக் கொடுத்த விலை என்றால் மலிவுதான். 17ஆம் தேதி வீடு சேர்ந்து, 18ஆம் தேதி காலையில் திரும்பிவிட்டதைத் தெரிவித்தேன். டிசம்பர் மாதத் தொகையில் ஐந்து நாள் குறைந்திருந்தது; வேறு கேள்வி எதுவும் வரவில்லை. எவ்வளவு பிடித்தார்கள் என்று அம்மா கேட்டதற்கு நான் சொன்னது பாதித் தொகை.

இதே நிலையில் இருக்கும் ஓரிருவர் பிறகு என்னிடம் விவரம் கேட்டதால் இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். என்னிடம் நிரந்தர வாழ்வுரிமை அனுமதி இருந்ததால் நான் தப்பித்த ஒரு கவலை அது. நீல அட்டையோ வேறு வேலை அனுமதியோ வைத்திருப்பவர், வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அது முகமைக்குச் சொல்வதிலிருந்து வேறானது. ஊரில் நீண்ட நாள் தங்க நினைப்பவர், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல், நீல அட்டைக்காரரானால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல், வெளியே இருந்தால் அனுமதியே காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 21 நாள் ஒதுக்கீட்டில் பயன்படுத்தாத மிச்சம் அடுத்த ஆண்டுக்குச் சேராது. ஜனவரி பிறந்தால் புதுக் கணக்கு. ஒப்புதல் மட்டும் மீண்டும் கேட்டாக வேண்டும்.

எனக்கு அந்தப் புதுக் கணக்கு தேவைப்படவில்லை. மிளகுக் கொடிகளுக்கு நடுவே பேசிய நேர்காணல் பலிக்கவில்லை. வேறொன்று பலித்து 2024 மார்ச்சில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா முழுதாக நடக்கத் தொடங்கியதும் பார்த்துவர, கோடையில் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டேன். இரண்டு வாரப் பயணத்துக்குச் சனி, ஞாயிறுகளையும் சேர்த்து 14 நாள் என்று நிரப்பியிருந்தேன். மேலாளர் அதைப் பத்தாகத் திருத்தி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார்.